போனை எடுத்தது கவுன்சிலரோட வீட்டுக்காரர்

போன மாசம் எங்க தெருவுல பத்து நாளா தண்ணி வரல. கவுன்சிலருக்குப் போன் பண்ணேன். எங்க வார்டு கவுன்சிலர் ஒரு பெண். ஆனா வந்தது ஆண் குரல். "சொல்லுங்க அம்மணி, கவுன்சிலரோட வீட்டுக்காரர் பேசறனுங்க." அக்காகிட்ட பேசணும்னேன். "எங்கிட்டயே சொல்லுங்க, எல்லாம் நாந்தான் பாக்கறது"ன்னார். சொன்னேன். மறுநாள் தண்ணி வந்துருச்சு. எனக்கும் அது தப்பாவே தெரியல. அதனாலதான் இந்த எபிசோடு.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1957-லயே கோயம்புத்தூர் ஒரு பெண்ணை மக்களவைக்கு அனுப்பியிருக்கு. பார்வதி கிருஷ்ணன், கம்யூனிஸ்ட் கட்சி. குமாரமங்கலம் ஜமீன் குடும்பம், அப்பா சுப்பராயன் சென்னை மாகாண முதல்வரா இருந்தவர், படிப்பு ஆக்ஸ்ஃபோர்டு. அந்த வசதியைச் சொல்லாம விட்டா நியாயமில்ல. ஆனா அவங்க அரசியலுக்குத் தேர்ந்தெடுத்த இடம் தொழிற்சங்கம்.

1973-ல டெல்லியில நடந்த விமான விபத்துல அவங்க அண்ணன், மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் இறந்துபோனார். அதே விமானத்துல கோவை எம்.பி. பாலதண்டாயுதமும் இறந்தார். அந்த இடத்துக்கு நடந்த இடைத்தேர்தல்ல நின்னு ஜெயிச்சவங்க பார்வதி. 1977-ல மறுபடியும் ஜெயிச்சாங்க. 2014-ல, 94 வயசுல, கோவையிலதான் காலமானாங்க.

இப்போ யோசிங்க. அவங்களுக்கு அப்புறம் 2024 தேர்தல் வரைக்கும் கோவை தொகுதியில ஜெயிச்ச பெண் எம்.பி. எத்தனை பேர்? ஒருத்தர்கூட இல்ல.

'பெண்கள் நின்னா ஜெயிக்க மாட்டாங்க'ன்னு கட்சிக்காரங்க சொல்றது வழக்கம். 2021 சட்டமன்றத் தேர்தலைப் பாருங்க. கோவை தெற்குல வானதி சீனிவாசன் கமல்ஹாசனை 1,728 ஓட்டுல ஜெயிச்சாங்க. தாராபுரத்துல கயல்விழி செல்வராஜ், எல்.முருகனை 1,393 ஓட்டுல ஜெயிச்சாங்க. மொடக்குறிச்சியில நேரடிப் போட்டியே ரெண்டு பெண்களுக்கு நடுவுல. சுப்புலட்சுமி ஜெகதீசனை சரஸ்வதி 281 ஓட்டுல ஜெயிச்சாங்க. மூணுமே கடும் போட்டி. ஆனா அந்தத் தேர்தல்ல மாநிலம் முழுக்க ஜெயிச்ச பெண்கள் 234-ல 12 பேர்தான். சீட்டு கொடுத்தாத்தானே ஜெயிக்க முடியும்?

சட்டம் கட்டாயப்படுத்தின இடத்துல கதையே வேற. உள்ளாட்சியில பெண்களுக்கு 50 சதவீதம்னு 2016-ல தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்துச்சு. 2022-ல கோவைக்கு முதல் பெண் மேயர், கல்பனா ஆனந்தகுமார். 2024-ல அவங்க ராஜினாமா பண்ணதும் ரங்கநாயகி வந்தாங்க. சட்டமன்றம், மக்களவைக்கும் மூணுல ஒரு பங்குன்னு 2023-ல நாடாளுமன்றம் சட்டம் போட்டுச்சு. ஆனா மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிஞ்சாதான் நடைமுறைக்கு வரும்னு அதுலயே எழுதியிருக்கு.

சரி, நாற்காலி வந்துருச்சு. அதிகாரம் வந்துச்சா? இதுல கட்சியை மட்டும் குத்தம் சொல்லிட்டு நான் தப்பிக்க முடியாது. அவர்கிட்டயே விஷயத்தைச் சொல்லி முடிச்சது நான்தானே. கவுன்சில்ல பேசப்போறது அவங்க, கையெழுத்துப் போடப்போறது அவங்க. என் தெருப் பிரச்சினை மட்டும் அவங்க காதுக்குப் போகல. இப்படி ஒவ்வொரு போனும் அவர்கிட்டயே நின்னா, அடுத்த தடவை "அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு சீட்டை மறுக்க அதுவே காரணமாயிடும்.

போன வாரம் தெருவிளக்குக்காகத் திரும்பக் கூப்பிட்டேன். "அக்கா வர்ற வரைக்கும் லைன்ல இருக்கேனுங்க"ன்னேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்தாங்க. எந்தக் கம்பம்னு அவங்களே சொன்னாங்க.

உங்க வார்டுலயும் பெண் கவுன்சிலரா? அடுத்த தடவை அவங்களையே கேளுங்க. அவங்க வர்ற வரைக்கும் போனை வைக்காதீங்க.