நாவின் அரசும் நாட்டின் அரசும்



முல்லையாற்றின் கரையில் விழாக்கோலம் பூண்டு நிற்கும் இப்பழனிசெட்டிபட்டியில், அப்பர் பெருமானைச் சிந்திக்கும் பேறு இன்று நமக்கு வாய்த்தது. அவர் தலையில் முடி இல்லை; கையில் படை இல்லை; உழவாரம் ஒன்றே உண்டு. ஆயினும் திருவதிகையில் இறைவன் அருளிய பெயரோ நாவுக்கரசு! நாவையும் ஓர் அரசாக மதித்த சமயம் நம்முடையது.

சீகாழியில் அப்பெருமான் தம் அடியில் வீழக் கண்ட ஞானசம்பந்தப் பிள்ளையார், கைகளைப் பற்றி எடுத்து, 'அப்பரே' என்றார். முதியவர் 'அடியேன்' என்றார். பேசியவை இரண்டே சொற்கள். இருவருள் தலைவர் யார் என்னும் வினாவே அங்கு எழவில்லை.

நாடாள்வோர்க்கு இஃது அத்துணை எளிதன்று. பெருந்தலைவர் காமராசரை நினைத்துப் பாருங்கள். பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக வீற்றிருந்தவர். உழவனும் பாட்டியும் விளங்கிக்கொள்ளும் சின்னஞ்சிறு சொற்களிலேயே பேசினார். தமிழை ஆட்சிமொழியாக்கிய 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் ஆட்சியில் பிறந்ததே. ஏழையின் மொழி கோட்டைக்குள் நுழைந்தது என்றே சொல்லலாம்.

ஆனால் அந்தச் சுருங்கிய பேச்சே நம் பள்ளத்தாக்கிற்கு ஒரு வடுவையும் தந்தது. மேலே தெரியும் மலைக்கு அப்பால் உள்ளவை தேவிகுளமும் பீருமேடும். ஆங்குத் தோட்டங்களில் உழைத்தோரில் பெரும்பாலோர் தமிழர். 1956 நவம்பர் முதல் நாள் அவை கேரளத்தோடு சேர்ந்தன. குளம் என்ன, மேடு என்ன, எல்லாம் இந்தியாவில்தானே என்னும் கருத்தில் காமராசர் ஏதோ சொன்னதாக இன்றும் இங்கு வழங்குவர்; அவர் அவ்வாறு சொல்லவில்லை என்று மறுப்பாரும் உளர். சொன்னாரோ இல்லையோ, அறுபது ஆண்டுகட்கு மேலாகியும் அச்சொல் ஆறவில்லை. எல்லைக்கோட்டை மறந்தவர்கூட அந்தச் சொல்லை மறந்திலர்!

பின்னர் அவர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். வடநாடெங்கும் தமிழிலேயே பேச, மொழிபெயர்ப்பாளர் உடனிருந்து எடுத்துரைத்தார். 1964-இல் நேரு மறைந்தார்; 1966-இல் சாஸ்திரி மறைந்தார். பிரதமர் பதவி அவர் வாயிலுக்கே வந்தது என்பர். இந்தியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, எங்ஙனம் ஆள்வது என்று கேட்டு விலகினாராம். ஆங்கிலம் படித்தறிய வல்லவர்தாம்; ஆயினும் பிறர் நாவை இரவல் வாங்கிக் கோடிக்கணக்கானோரின் உள்ளத்தைத் தொட இயலாது என்பதை அறிந்திருந்தார். இதனைக் குறை என்பாரும் உளர். அடியேனுக்கு அஃது அவருடைய பேரறிவாகவே தோன்றுகிறது. தம் சொல் எட்டும் தொலைவை அளந்தறிந்த தலைவர் எத்தனை பேர்?

2011-ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப் பெரியாற்று அணை குறித்துப் பூசல் மூண்டபோது, இருபுறத்தாரும் பெரும்பாலும் தத்தம் மொழியில் தத்தம் மக்களுக்கே முழங்கினர். குமுளி வழி அடைபட்டது. ஏலத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அஞ்சி மலையிறங்கின.

விடியலில் ஜீப்பில் ஏறி அத்தோட்டங்களுக்குச் செல்லும் நம் தாய்மார்களை நீங்கள் அறிவீர்கள். கூலி கேட்க மலையாளமும் சாமியை வேண்டத் தமிழும் அவர்தம் நாவில் உண்டு. அந்நாள்களில் எம்மேடையிலும் அவர்கள் குரலை அடியேன் கேட்டிலேன்.

திருச்சிற்றம்பலம்.