வாவிக்கரையில் அடுத்த கமரா



மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரையை ஒட்டிக் கிடக்கிறது. கல்லடியில் நிற்பவருக்குக் கிழக்கே கடலும் மேற்கே வாவியும் உண்டு. காலையிற் கடலின் மேல் எழும் கதிரவனை மாலையில் வாவியின் மேல் வழியனுப்பலாம். கமரா வைத்திருப்பவருக்கு இதனினும் வாய்ப்பான இடம் எளிதிற் கிடையாது. ஆதலாலே இப்பகுதியில் ஆசிரியர், எழுதுவினைஞர், மாணவர், கடை நடத்துவோர் எனப் பல தரத்தினரும் ஓய்வு நேரத்தில் ஒளிப்படம் எடுக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தொடக்கநிலைக் கமரா ஒன்றையும், அதனோடு வந்த 18 முதல் 55 மில்லிமீற்றர் வரையான வில்லை ஒன்றையும் கொண்டு தொழில் பழகியவர்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றதும் அவர்கள் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. இதனை விட்டு இதற்கு மேற்பட்ட நடுத்தரக் கமரா ஒன்றுக்குப் போகலாமா? போவதாயின் எதனைத் தெரிவது? அவ்வினாவையே இன்று நாம் ஆராயப் போகின்றோம்.

முதலிற் கருவியைப் பற்றிச் சில சொற்கள். டி. எஸ். எல். ஆர். என்று கடைகளில் வழங்கும் கமராவில், வில்லையினூடாக வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்புகின்றது. நாம் காண்கண்ணாடியிற் பார்ப்பது அவ்வொளியையே. விசையை அழுத்தியதும் கண்ணாடி மேலெழுந்து வழிவிட, ஒளி பின்னாலுள்ள ஒளியுணரியிற் சென்று பதிகின்றது. 1839 ஆம் ஆண்டில் டாகேர் தமது செப்புத் தகட்டுப் படமுறையை உலகுக்கு அறிவித்தார். அன்று தகடு இருந்த இடத்தில் இன்று ஒளியுணரி இருக்கின்றது. 2003 இல் கனன் 300டி, 2004 இல் நிக்கோன் டி70 என்பன வெளிவந்த பின்னரே இத்தகைய கமராக்கள் சாதாரண வருவாயினருக்கும் எட்டத் தொடங்கின.

இற்றைநாளிலோ பெருநிறுவனங்கள் கண்ணாடியில்லாக் கமராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. கனன் 90டி 2019 இலும், நிக்கோன் டி780 2020 இலும் வெளிவந்தன. அவற்றின் பின்னர் இவ்விரு நிறுவனங்களும் நடுத்தர வரிசையிற் கண்ணாடிக் கமரா எதனையும் புதிதாக வெளியிடவில்லை. அப்படியாயின் அக்கமராக்களை இனி வாங்குவது மடமையாகாதா எனச் சிலர் கேட்கலாம். ஆகாது. பலர் தம்மிடமுள்ளவற்றை விற்றுப் புதியவற்றுக்கு மாறுவதால், நல்ல நிலையிலுள்ள கமராக்கள் கைமாற்றாகக் கிடைக்கின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு உயர்ந்ததை நாம் மறக்கவில்லை. இறக்குமதிப் பொருளின் விலை குடும்பத்தின் அரிசி, மருந்து, பள்ளிச் செலவு ஆகியவற்றோடு மோதும் நாட்டில், பொழுதுபோக்குக்காகச் செலவிடும் ஒவ்வோர் ஆயிரமும் கணக்குக் கேட்கும். எனவே ஆசையை முன்னே விடாது காரணத்தை முன்னே விட்டு ஆராய்தல் வேண்டும்.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த ஓராண்டில் நீங்கள் எடுத்தவற்றுள் தவறிப்போன நூறு படங்களை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் தவறியது என்று ஒரு தாளிற் குறித்து வாருங்கள். கை நடுங்கியதா? இருள் மிகுந்ததா? பறவை எட்டாத் தூரத்தில் இருந்ததா? குவியம் வேறோரிடத்தில் விழுந்ததா? அல்லது நிற்கும் இடமும் நேரமும் பிழையா? எந்தக் காரணம் மிகுதியாக வருகின்றதோ அதற்கே மருந்து தேட வேண்டும். நோய் இன்னதென அறியாமல் விலையுயர்ந்த மருந்து வாங்குவார் உண்டோ?

நம் பகுதியிலிருந்தே மூன்று எடுத்துக்காட்டுகள் கூறுகின்றேன்.

முதலாவது, விடியற்காலையில் தோணியில் நின்று வீச்சுவலை எறியும் மீனவர். வலை வானில் விரிந்து நிற்பது ஒரு கணமே. பின்னாலே வானம் பளிச்சென்றிருக்கும். மனித உருவமோ இருண்டிருக்கும். இங்கே தவறுவது பெரும்பாலும் ஒளி அளவிடுதலேயன்றிக் கமரா அன்று. வானத்தின் ஒளிக்கு அளவை வைத்து, உருவத்தை நிழலுருவாக விட்டால் தொடக்கநிலைக் கமராவும் அழகிய படம் தரும். நிழலினுள்ளும் முகம் தெரிய வேண்டுமாயின், றோ எனப்படும் பதப்படுத்தாத கோப்பாகப் பதிந்து, பின்னர் கணினியில் நிழலை உயர்த்திக் கொள்ளலாம். அவ்வசதி உங்களிடமுள்ள கமராவிலேயே உண்டு. இதற்காகப் புதுக் கமரா வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கூத்துக்களரி. வடமோடியோ தென்மோடியோ, இரவு முழுவதும் ஆடப்படுவது. அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஏற்ப ஆட்டக்காரர் சுழன்று வரும்போது நமது படத்தில் ஒரு கலங்கல் மட்டுமே எஞ்சுகின்றது. இங்கே குறைவது ஒளி. உடனே, பெரிய ஒளியுணரி கொண்ட கமரா வேண்டும் என்பார் பலர். கணக்கைப் பார்ப்போம். பெரிய ஒளியுணரியின் அளவு 36க்கு 24 மில்லிமீற்றர். நிக்கோனின் சிறிய ஒளியுணரி 23.5க்கு 15.6 மில்லிமீற்றர். பரப்பிற் பெரியது இரு மடங்குக்குச் சற்று மேல். ஆகவே இம்மாற்றத்தால் வரும் ஆதாயமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் 55 மில்லிமீற்றரில் எஃப் 5.6 வரையே திறக்கும் பழைய வில்லையைக் கழற்றிவிட்டு, எஃப் 1.8 வரை திறக்கும் 50 மில்லிமீற்றர் வில்லையைப் பூட்டினால், உட்புகும் ஒளி ஏறத்தாழப் பத்து மடங்காகின்றது! முன்னர் முப்பதில் ஒரு விநாடி தேவைப்பட்ட இடத்தில், இப்போது இருநூற்றைம்பதில் ஒரு விநாடியே போதும். அத்தகைய வில்லையோ, வில்லைகளுள் மிக மலிவானவற்றுள் ஒன்று. ஆதலின் கூத்துப் படம் விரும்புவோர் முதலில் வில்லையை வாங்குக; கமராவைப் பிறகு எண்ணுக.

ஆனால் நிக்கோன் வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. டி3000 வரிசை, டி5000 வரிசைக் கமராக்களின் உடலிற் குவிய மோட்டார் இல்லை. பழைய வகை ஏ. எப். டி வில்லையை அவற்றிற் பூட்டினால் தானியங்கிக் குவியம் வேலை செய்யாது. கையாற் குவிக்க நேரும். மோட்டாரைத் தன்னகத்தே கொண்ட வில்லையையே அவர்கள் கேட்டு வாங்க வேண்டும். டி7200, டி7500 போன்ற நடுத்தரக் கமராக்களின் உடலில் அம்மோட்டார் உண்டு.

மூன்றாவது, பறவை. கண்டற் காட்டின் ஓரத்தில் மீன்கொத்தி பாய்வதையும், செம்பருந்து வாவியின் மேற்பரப்பிலிருந்து மீனைக் கவ்வி எழுவதையும் படமாக்க விரும்புவோர் பலர். இங்கேதான் கமராவை மாற்றுவதற்கு நியாயமான காரணம் பிறக்கின்றது. கனன் 1500டி என்னும் தொடக்கநிலைக் கமராவிற் குவியப் புள்ளிகள் 9. விநாடிக்கு 3 படங்கள். நடுத்தரமான 80டியிலோ புள்ளிகள் 45. விநாடிக்கு 7 படங்கள். நிக்கோன் டி3500 இற் புள்ளிகள் 11. டி7200 இல் 51. பறக்கும் உருவைத் தொடர்ந்து பற்றிக்கொள்வதற்கு இவ்வேறுபாடு மெய்யாகவே உதவும். மேலும், பறவைக்குச் சிறிய ஒளியுணரி குறையன்று, அது வசதியே. 300 மில்லிமீற்றர் வில்லை நிக்கோனின் சிறிய ஒளியுணரியில் 450 மில்லிமீற்றர் வில்லைபோலவும், கனனில் 480 மில்லிமீற்றர் வில்லைபோலவும் காட்சியை அருகிற் கொணரும். பெரிய ஒளியுணரிக் கமராவில் அதே நெருக்கத்தைப் பெற வேண்டின், எடையும் விலையும் மிக்க வில்லையைச் சுமக்க நேரும்.

இனி நடுத்தரக் கமராவிற் பார்க்க வேண்டியவை எவை? மெகாபிக்சல் எண்ணிக்கையை இறுதியில் வையுங்கள். டி7500 இல் 20.9, டி7200 இல் 24.2, 90டியில் 32.5 என அவை வேறுபடினும், வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு எதுவும் போதும். முதலிற் காண்கண்ணாடியைப் பாருங்கள். தொடக்கநிலைக் கமராக்கள் காட்சியின் நூற்றுக்கு 95 பங்கையே காட்டும். மேற்கூறிய நடுத்தரக் கமராக்கள் முழுவதையும், மேலும் ஒளிமிக்கதாகக் காட்டும். அடுத்து, ஷட்டர் வேகத்துக்கு ஒன்றும் துவாரத்துக்கு ஒன்றுமாக இரண்டு சக்கரங்கள் இருத்தல் நலம். அசையும் தோணியில் நின்று எடுப்பவருக்கு அதன் அருமை தெரியும். புதியது எல்லாவற்றிலும் மேலானது என்றும் எண்ணிவிடாதீர்கள். 2015 இல் வந்த டி7200 இல் நினைவட்டைக்கு இரண்டு இடங்கள் உள்ளன. 2017 இல் வந்த டி7500 வேகத்தில் மேம்பட்டதாயினும் நினைவட்டைக்கு ஓரிடமே உண்டு; கையாற் குவிக்கும் பழைய வில்லைகளைப் பூட்டினால் ஒளியை அளந்தும் தராது.

கைமாற்றாக வாங்குவோர் நான்கு சோதனைகள் செய்க. ஒன்று, ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது எனக் கேட்டறிக. டி7200 இன் ஷட்டர் 150,000 முறைக்கும், 80டியின் ஷட்டர் 100,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. இரண்டு, துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி, வெறும் வானத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க. ஒளியுணரியிற் படிந்த தூசும் கறையும் கரும்புள்ளிகளாகத் தெரியும். மூன்று, வில்லையினூடே கைவிளக்கொளியைச் செலுத்திப் பார்க்க. சிலந்தி வலைபோல் இழைகள் காணப்படின் அது பூஞ்சணம். அவ்வில்லையை எவ்வளவு மலிவாயினும் வாங்கற்க. நான்கு, திருகாணிகளையும் மின்கல அறையின் தொடுமுனைகளையும் பார்க்க. அங்கே பச்சையோ துருவோ இருப்பின், அக்கமராவை உப்புக்காற்று தீண்டியிருக்கின்றது என்பது பொருள்.

உப்புக்காற்று என்றவுடன் பராமரிப்பையும் சொல்லியாக வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடையே வாழும் நமக்கு இரண்டு பகைகள் உண்டு: உப்பும் ஈரமும். நடுத்தரக் கமராக்களிற் பலவற்றுக்கு மூட்டுக்களில் ஈரத்தடுப்பு உண்டாயினும், அது தூறலுக்கேயன்றி நீரில் விழுதற்கு அன்று. வெளியே சென்று வந்ததும் சற்றே நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை பொழியும் கார்த்திகை, மார்கழி மாதங்களிற் கமராவைத் தோற்பையில் மூடி வைப்பதே பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதாகும். இறுக மூடும் பிளாத்திக்குப் பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இட்டு வைத்தால் போதும். தோணியில் வில்லையை மாற்ற நேர்ந்தால், காற்றுக்கு முதுகு காட்டி, கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள்.

நேயர்களே, நினைவட்டைக்கு இரண்டு இடங்கள் உண்டு என்று முன்னர்க் குறிப்பிட்டதைச் சிறு வசதியாகக் கொள்ளவேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் நாவலடியிலும் கல்லடியிலும் புகுந்தபோது, உயிர்களோடும் வீடுகளோடும் படத்தொகுப்புக்களும் போயின. தாயின் முகத்தைக் காட்டுவதற்கு ஒரு படமேனும் எஞ்சாத குடும்பங்கள் உள்ளன. அயலவரோ உறவினரோ எப்போதோ எடுத்து வேறிடத்தில் வைத்திருந்த படமே சிலருக்குக் கிடைத்த ஒரே செல்வமாயிற்று. பொழுதுபோக்காக எடுக்கும் படத்தின் மதிப்பு யாது என்று கேட்போர்க்கு இதுவே விடை. ஆகவே கமராவுக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைச் சேமிப்புத் தட்டு ஒன்றுக்கு ஒதுக்குங்கள். படங்களின் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று கரையிலிருந்து தொலைவிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். நீங்கள் படமெடுத்த மீனவருக்கும் கூத்தருக்கும் ஒரு பிரதியை அச்சிட்டுக் கொடுங்கள். அதுவும் ஒரு பாதுகாப்பே. அவர்தம் இசைவுக்கு நாம் செய்யும் கைம்மாறும் ஆகும்.

இந்நாட்டு ஒளிப்படக் கலைக்குப் புகழ் தேடித் தந்தவர் லயனல் வெண்ட். 1900 இற் பிறந்து 1944 இல் மறைந்த அவர் சட்டம் பயின்றவர்; பியானோ வாசிப்பதில் வல்லவர். ஒளிப்படம் அவருக்கு வயிற்றுப் பிழைப்பன்று. இருப்பினும் அவர் எடுத்த இலங்கைப் படங்களை இன்றும் மக்கள் விரும்பிப் பார்க்கின்றனர். அவர் காலத்துக் கமராவில் தானியங்கிக் குவியமும் இல்லை, விநாடிக்கு ஏழு படமும் இல்லை. தம் கையிலிருந்த கருவியின் இயல்பை முற்றாக அறிந்து, ஒளியையும் மனிதரையும் பொறுமையோடு பார்த்தார்.

ஆதலின் தாளில் நீங்கள் குறித்த காரணங்களை மீண்டும் பாருங்கள். ஒளிக்குறைவே மிகுதியாயின், அகலத் திறக்கும் வில்லை ஒன்று வாங்குங்கள். பறக்கும் பறவையே மிகுதியாயின், நல்ல நிலையிலுள்ள நடுத்தரக் கமராவும் நெடுவில்லையும் தேடுங்கள். கையும் நேரமும் இடமுமே காரணமாயின், அப்பணத்தை வீட்டில் வைத்துவிட்டு, இருக்கும் கமராவோடு இன்னும் ஓராண்டு விடியற்காலையில் வாவிக்கரைக்குச் செல்லுங்கள். மீன்கொத்தி அங்கேதான் இருக்கும். வலை வீசுவோரும் அங்கேதான் இருப்பர்.