உடுப்பினுள்ளே ஓர் உடம்பு



வானிலே பறந்து வந்து, கவிழும் புகைவண்டியைத் தோளினால் தாங்கி நிறுத்தும் அசகாய சூரர்களை நீங்கள் திரையிலே கண்டிருப்பீர்கள். அவர்கள் அணிந்திருக்கும் உடுப்பு மேனியோடு ஒட்டிய மெல்லிய துணி. அத்துணியை மீறிப் பாறைபோல் திரண்டு நிற்கும் மார்பும் புயமும் யாருடையவை? நடிகருடையவை என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலான படங்களில் அவற்றிற் பாதியேனும் சிற்பியின் கைவண்ணம் என்பதே உண்மை. உடுப்புக்குக் கீழே இன்னோர் உடுப்பு இருக்கிறது. பஞ்சினாலோ றப்பரினாலோ தசை வடிவம் அமைத்த அந்த உள்ளுடுப்பை நாம் பொய்த்தசை உடுப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

இஃது இக்காலத்தார் கண்டுபிடித்த சூழ்ச்சி அன்று. உரோமாபுரித் தளபதிகளின் வெண்கல மார்புக் கவசங்களிலே மார்புத் தசையும் வயிற்று மடிப்பும் உந்திச் சுழியும் கூட வார்க்கப்பட்டிருந்தன. அடிக்கடி நோயுற்றவர் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்த அகஸ்தஸ் சக்கரவர்த்தி, வத்திக்கானில் உள்ள சிலையிலே அத்தகைய கவசத்தோடு மல்லரைப்போல் நிற்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நாடக மேடையிலே மெலிந்த கால் படைத்த நடிகர்கள், கெண்டைக்காலிலும் தொடையிலும் திண்டு வைத்துப் பின்னிய நீள்காலுறைகளை அணிந்தனர். அதே நூற்றாண்டில், 1859ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துச் சர்க்கசில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவிய ஜூல் லெயோத்தார் என்பவர் உடலோடு ஒட்டிய ஆடையிலே தோன்றிக் கூட்டத்தை வியப்பில் ஆழ்த்தினார். அவ்வகை ஆடைக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர் இருவர், ஜெரி சீகல், ஜோ ஷஸ்ரர் என்போர், சுப்பர்மான் என்னும் வீரனைச் சித்திரக் கதையாகப் படைத்தபொழுது, சர்க்கஸ் பலசாலியின் உடுப்பையே அவனுக்கும் அணிவித்தார்கள். இறுகிய நீள்காலுறையும் அதன்மேல் சிறு காற்சட்டையும் அங்கிருந்து வந்தவையே.

கடதாசியில் வரைந்த தசைக்கு மை ஒன்றே செலவு. வானொலியில் அதுவும் இல்லை. 1940ஆம் ஆண்டு சுப்பர்மான் அமெரிக்க வானொலிக்கு வந்தான். பட் கொலியர் என்னும் நடிகர், சாதாரண பத்திரிகை நிருபனாகப் பேசும்பொழுது குரலைச் சற்று உயர்த்தியும், வீரனாக மாறும் கணத்தில் தாழ்த்தித் தடிப்பாக்கியும் பேசினார். கேட்ட சிறுவர்களின் மனத்திலே தோள்கள் தாமாக விரிந்தன. வானொலியிலிருந்து பேசுகிற எனக்கு இதைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை.

தொல்லை தொடங்கியது தொலைக்காட்சியிலேதான். 1952 முதல் 1958 வரை அவ்வேடம் பூண்டு தோன்றிய ஜோர்ஜ் றீவ்ஸ் இளமையில் குத்துச்சண்டை பழகியவர். நல்ல உடற்கட்டு உள்ளவர். ஆயினும் அவருடைய உடுப்பினுள்ளே தோளுக்கும் மார்புக்கும் நுரை றப்பர்த் திண்டு வைத்தே படம் பிடித்தார்கள். படப்பிடிப்பு விளக்குகளின் கொதிப்பிலே, றப்பருக்குள் அவர் பட்ட அவதியை எண்ணிப் பாருங்கள்.

கட்டுடல் உள்ளவருக்கே திண்டு எதற்கு? இதில் ஒரு நுட்பம் உண்டு. இழுபடும் துணி மேட்டிலிருந்து மேட்டுக்கு நேரே தாவிச் செல்லும்; பள்ளத்தில் இறங்காது. இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டிய கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். மார்பின் நடுப்பிளவும், தோளுக்கும் புயத்துக்கும் இடையிலுள்ள வாய்க்காலும், வயிற்றின் வரிகளும் துணியின் கீழே மறைந்துபோகும். அத்துடன் துணி சதையை அமுக்கவும் செய்யும். ஆகவே ஆண்டுக்கணக்கில் உடற்பயிற்சி செய்தவரும் அவ்வுடுப்பை அணிந்தவுடன் வழுவழுப்பான மரக்கட்டைபோல் தோன்றுவார். 1958ஆம் ஆண்டு டூபொன்ட் நிறுவனத்து இரசாயன அறிஞர் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பான்டெக்ஸ் இழையைக் கண்டுபிடித்தார். லைக்ரா என்பது அதன் வணிகப் பெயர். தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு, விட்டவுடன் பழைய அளவுக்கு மீளும் இழை அது. கம்பளி நூலிலும் நைலோனிலும் சுருக்கம் விழுந்து சிரிப்புக்கு இடமாயிருந்த உடுப்புகள் அதன்பின் சுருக்கமின்றி அமைந்தன. சுருக்கம் ஒழிந்தது, அதனோடு பள்ளங்களும் ஒழிந்தன. பொய்த்தசை செய்வோர் மேடுகளை உயர்த்துவதிலும் பார்க்கப் பள்ளங்களை ஆழமாக்குவதிலேயே கூடிய கவனம் செலுத்துவது இதனாலேதான். சிலர் மேற்றுணியைப் பள்ளத்தின் அடியோடு சேர்த்துத் தைத்தோ ஒட்டியோ விடுவார்கள்.

செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் நடிகரின் உடலுக்குச் சாந்து பூசி அச்செடுப்பார்கள். அந்த அச்சில் வார்த்த உருவத்தின் மேல் சிற்பி களிமண்ணால் வேண்டிய தசைகளை வனைவார். களிமண் உருவத்திலிருந்து மறுபடி ஓர் அச்சு. இரண்டு அச்சுக்களுக்கும் இடையே எஞ்சும் வெளியிலேதான் பொய்த்தசை பிறக்கிறது. றப்பர்ப் பாலை முட்டை வெண்கருவைப்போல் நுரைக்க அடித்து அவ்விடைவெளியில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்து எடுப்பார்கள். நுரைறப்பர் செய்யும் இவ்வித்தையை 1929ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டன்லொப் நிறுவனத்தார் கண்டார்கள். கேக் மா அடிக்கும் சமையலறைக் கருவியே முதற் சோதனைக்கு உதவியது என்பார்கள். இந்தப் பால் நமக்கு அந்நியமான பொருள் அன்று. 1876ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து இலண்டன் வழியாக வந்த றப்பர்க் கன்றுகள் நம்முடைய ஹெனரத்கொடைத் தோட்டத்திலேதான் நடப்பட்டன. விடியற்காலையில் களுத்துறையிலோ கேகாலையிலோ சிரட்டையில் ஏந்திய பாலும், ஹொலிவுட் வீரனின் மார்பும் ஒரே இனத்து மரத்தின் பிள்ளைகள்.

முழங்கையும் முழங்காலும் மடியுமிடத்தில் திண்டு வைத்தால், மடிக்கும்பொழுது உருளைபோல் பிதுங்கும். வைக்காவிட்டால், பெருத்த புயத்துக்குக் கீழே மெலிந்த முழங்கை தனித்துக் காட்டிக்கொடுக்கும். படிப்படியாக மெலித்துச் செல்வதே வழி. தேர்ந்தவரை அடையாளங் காணுமிடமும் அதுவே. வெப்பமோ பெருஞ்சிக்கல். குளிர்நீர் ஓடும் மெல்லிய குழாய்கள் பதித்த உட்சட்டையைத் திரைப்படக்காரர் உபயோகிப்பதுண்டு. வீட்டிலே பஞ்சும் மெத்தைத் துண்டும் வைத்துத் தைத்து வேடம் பூணுவோர், அடிக்கடி வெளியே வந்து நீர் அருந்துவதைத் தவிர வேறு வழியில்லை.

1989ஆம் ஆண்டு வெளிவந்த பற்மான் படத்தில் மைக்கேல் கீற்றன் என்பவர் கதாநாயகர். சிரிப்பு நடிகர், ஒல்லியான உடம்பு. இவரா எங்கள் வீரன் என்று இரசிகர்கள் ஆயிரக்கணக்கிற் கடிதம் எழுதிச் சண்டையிட்டார்கள். உடையமைப்பாளர் பொப் றிங்வுட் துணியைக் கைவிட்டுத் தசை வடிவத்தையே கறுப்பு நுரைறப்பரில் வார்த்து வெளியுடுப்பாக்கினார். தலையைத் தனியே திருப்ப முடியாத உடுப்பு அது. திரும்ப வேண்டுமானால் உடம்போடு திரும்ப வேண்டும். கீற்றன் அந்தக் குறையையே தம் நடிப்பாக்கிக்கொண்டு, சிலை உயிர்பெற்றுத் திரும்புவதுபோல் திரும்பினார், ஆரவாரம் அடங்கிற்று. 2002ஆம் ஆண்டின் ஸ்பைடர்மான் உடுப்பிலும் 2013ஆம் ஆண்டின் சுப்பர்மான் படத்திலும் தசையுடுப்பு மீண்டும் துணிக்கு அடியிலே போயிற்று. பிந்தியதில் நடித்த ஹென்றி கவில் உண்மையாகவே மல்லர் போன்றவர். நான் முன்பு கூறிய கொடியின் கதையை எண்ணினால் இது வியப்பன்று.

இனி, சிலர் கேட்கும் ஒரு கேள்வி. இது மோசடியல்லவா? 1978ஆம் ஆண்டு சுப்பர்மானாக நடித்த கிறிஸ்தோபர் றீவ் திண்டு வேண்டாமென மறுத்து, பளுதூக்கும் வீரர் டேவிட் புறௌஸ் என்பவரிடம் பயின்று உடலை வளர்த்துக்கொண்டார். (முன்பு சொன்ன றீவ்ஸ் வேறு, இவர் வேறு; பெயரொற்றுமை தற்செயலே.) அவரைப் புகழ்வதில் எனக்கு மனத்தடை இல்லை. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்களிடம் கேட்கப்படும் விலை மிகவும் ஏறிவிட்டது. வுல்வறின் வேடத்தில் நடித்த ஹியூ ஜக்மன், சட்டையின்றித் தோன்றும் காட்சிகளுக்கு முன்பு நீர் அருந்தாமல் உடலை வற்றச் செய்ததைத் தாமே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். தோலின் கீழ் நீர் குறைந்தால் நரம்பும் தசையும் துலங்கித் தெரியுமாம். அந்தத் தோற்றம் ஒரு நாளைக்கு உரியது. வைத்தியர் எவரும் விரும்பாதது. இதை அறியாத பதினான்கு வயதுப் பையன், வலிமையுள்ள ஆண்மகனின் நாளாந்த உடம்பு அதுவே என்று எண்ணிக் கண்ணாடி முன் நின்று தன்னை வெறுக்கிறான். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநோய் வைத்தியர் ஹரிசன் போப்பும் அவருடைய துணைவரும் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், சிறுவர் விளையாடும் போர்வீரப் பொம்மைகளை அளந்து மனித அளவுக்குப் பெருக்கிப் பார்த்தார்கள். 1964ஆம் ஆண்டுப் பொம்மையின் மேற்புயச் சுற்று ஏறத்தாழ 12 அங்குலம். 1990களின் இறுதியில் வந்த பொம்மை ஒன்றினுடையதோ 26 அங்குலத்தையும் தாண்டியது.

பொய்த்தசை உடுப்பு இந்த வகையில் நேர்மையானது என்பது என் துணிபு. அதன் பின்புறத்தே இழுபூட்டு உண்டு. மாலையில் நடிகர் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நீர் குடித்து, சோறுண்டு வீடு செல்கிறார். 2019ஆம் ஆண்டின் ஷசாம் என்னும் படத்திலே, மந்திரச் சொல்லால் வீரனாகும் சிறுவன் ஒருவனின் கதை வருகிறது. அவ்வீரனின் திண்டு வைத்த உடுப்பைப் பலர் எள்ளினர். ஒரு சிறுவன் தனக்கு வேண்டுமெனக் கனவு காணும் உடம்பு சற்றே ஊதிப்போனதாக இராமல் வேறெப்படி இருக்கும்?

இவ்வுடுப்புகளுக்கு ஆயுள் குறைவு. காற்றும் ஒளியும் படப்பட நுரைறப்பர் இறுகி, வெடித்து, விரலால் தொட்டவுடன் பொடியாக உதிர்கிறது. அரும்பொருட் சாலையார் இருட்டிலும் குளிரிலும் வைத்துப் பேணினாலும் அதன் தேய்வைத் தாமதப்படுத்த முடியுமேயன்றித் தடுக்க முடியாது. மேலேயிருந்த துணியோ பல காலம் நிறம் மங்காமல் இருக்கும். உள்ளே நிரப்ப உடம்பில்லாமல், அது ஒரு சிறு பெட்டிக்குள் மடித்து வைக்கக்கூடிய அளவினதே.