குடும்பம் முழுதும் கற்க வேண்டிய மொழி

 

காது கேளாத குழந்தைகளின் குடும்பங்களுக்குச் சைகைமொழி கற்றுத்தரும் செயலி பற்றிய இந்தக் கருத்தரங்கை, தறி ஊரான சாமளாபுரத்தில் கூட்டியது மிகப் பொருத்தம். தறிக்குடோனின் இரைச்சலுக்குள் வாய்ப்பேச்சு எடுபடாது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். நூல் அறுந்தது, ஓனர் கூப்பிடுகிறார், டீ குடிக்கப் போகலாமா, எல்லாம் கையாலும் முகத்தாலும்தான். இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைப் பெண்களும் இரைச்சலுக்கு நடுவே உதட்டசைவையும் சைகையையும் சேர்த்துப் பேசினார்கள். இப்படிப் பழகிய ஊரிலும், காது கேளாத குழந்தை பிறந்துவிட்டால் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி ‘பேச்சு வருமா?’ என்பதுதான். அந்தக் குழந்தையோடு நாம் எப்படிப் பேசுவது என்று கேட்பவர்கள் குறைவு.

காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. நம் ஊர் நிலையும் பெரிதாக மாறுபடாது என்றே கருதுகிறேன். மற்ற குழந்தைகள் தாய்மடியில் மொழியைப் பெறுகிறார்கள். இந்தக் குழந்தைகளுக்குத் தாயே மொழியைக் கற்றுக்கொண்டு வந்து தரவேண்டியிருக்கிறது. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, ஒலியை உணர உதவும் காக்ளியர் கருவியை அறுவை செய்து பொருத்துகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அறுவைக்குக் காத்திருக்கும் மாதங்களிலும், அதன்பின் பேச்சுப் பயிற்சி நடக்கும் ஆண்டுகளிலும் குழந்தை தன் பசியையும் பயத்தையும் எந்த மொழியில் சொல்லும்? சைகை பழகினால் பேச்சு வராது என்று பெற்றோரைப் பயமுறுத்துவதை நாம் நிறுத்தவேண்டும். இந்தப் பயம் பழையது. 1880இல் காது கேளாதோர் கல்வி பற்றிய மிலான் மாநாடு வாய்ப்பேச்சுக்கே முதலிடம் என்று தீர்மானித்துச் சைகையைப் பள்ளிகளிலிருந்து ஒதுக்கிவைத்தது. சைகைமொழிக்கும் முழு இலக்கணம் உண்டு என்று 1960இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோகோ எழுதிக்காட்டும்வரை பெரும்பாலான மொழியியலாரே அதைப் பொருட்படுத்தவில்லை.

இனி சைகைமொழி கற்றுத்தரும் செயலிக்கு வருகிறேன். புதுதில்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2018இல் மூவாயிரம் சொற்களோடு ஓர் அகராதியை வெளியிட்டது. 2021க்குள் அது பத்தாயிரம் சொற்களாக வளர்ந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு 2022 செப்டம்பர் 23இல் ‘சைன் லேர்ன்’ செயலி வந்தது. ஷிப்டு முடித்து இரவில் வீடு திரும்பும் பெற்றோரால் வகுப்புக்குப் போக முடியாது. கைப்பேசியில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழக முடியும். இது சின்ன உதவியல்ல.

ஆனால் வெளியானபோது அந்தச் செயலியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் தேட முடிந்தது. சாமளாபுரத்துக்குப் பிழைக்க வந்த பீகார்க் குடும்பத்துக்குத் திறந்த கதவு, அடுத்த வீட்டுத் தமிழ்ப் பாட்டிக்குத் திறக்கவில்லை. பகலெல்லாம் குழந்தையோடு இருப்பவர் அந்தப் பாட்டிதான். எழுத்துக் கூட்டித் தேட முடியாதவர் அவர். ‘சாமி, பால் குடிக்கிறயா?’ என்று அவர் வாயால் கேட்டால் அதற்கான சைகை திரையில் வரவேண்டும்.

ஆனாலும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இந்தியச் சைகைமொழியில் ‘என்ன’, ‘எங்கே’ போன்ற வினாச்சொல்லும் ‘இல்லை’ என்ற மறுப்பும் பெரும்பாலும் தொடரின் கடைசியில் வரும். ‘உன் பேரு என்ன?’ என்று கேட்டுப் பழகியவருக்கு அந்த வரிசை அந்நியமாகத் தோன்றாது. முகபாவம்தான் கூச்சம் தரும். சைகைமொழியில் புருவமும் இலக்கணத்தில் சேர்ந்தது. கல்முகத்தோடு கையை மட்டும் அசைத்தால் கேள்வி கேள்வியாக இராது. அந்தப் பிழையைத் திருத்த எதிரே ஓர் ஆள் வேண்டும், பதிவு செய்த காட்சியால் முடியாது.

ஆகவே தொழில்நுட்ப அறிஞர்களிடம் என் வேண்டுகோள் இது. சொற்பட்டியலை நீட்டுவதை விட்டு, சமையலறையிலும் வாசலிலும் புழங்கும் தொடர்களைத் தமிழ்க் குரலோடு பதிவுசெய்யுங்கள். அந்தக் காட்சிகளில் இந்தப் பகுதியின் காது கேளாதோரே ஆசிரியர்களாக வரவேண்டும். அவர்களுக்கு முறையான ஊதியம் தரவேண்டும். வாரம் ஒருமுறையாவது குடும்பங்கள் அவர்களோடு நேரில் உட்கார்ந்து பேச இடமும் நேரமும் ஒதுக்கவேண்டும். இந்தப் பகுதியின் தறி, பனியன் கம்பெனி உரிமையாளர்களே, அந்த ஒரு மணிநேரத்தைக் கூலி பிடிக்காமல் விட்டுக்கொடுங்கள்.

இந்தக் கோரிக்கைகளை அவைமுன் வைத்துக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.