கற்பிப்போர் கற்கும் களம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை படிப்பதும், படித்த கவிதையை அதை எழுதியவர் முன்னிலையிலேயே ஆய்வதும் இவ்வட்டத்தின் வழக்கம். இவ்விழாவில், கல்லூரி ஆசிரியர்க்கும் அலுவலர்க்கும் அளிக்கப்பெறும் பணியிடைப் பயிற்சி குறித்துப் பேச விழைகிறேன். கவிஞர் அவையில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். உங்கள் கவிதைகளுள் சில நாளை பாடநூலில் இடம்பெறும். அவை வகுப்பறையில் உயிர் பெறுவதும் உயிர் இழப்பதும் ஓர் ஆசிரியர் கையில் உள்ளது. அந்த ஆசிரியர் எங்கே, எவ்வாறு உருவாகிறார் என்னும் வினா உங்களுக்கும் உரியதே.

பட்டமும் பயிற்சியும்

பள்ளியில் பாடம் சொல்ல வருபவர் கல்வியியல் பட்டமோ பட்டயமோ பெற்றிருத்தல் வேண்டும். கல்லூரிக்கு வருபவரிடம் அத்தகைய பட்டம் கேட்கப்படுவதில்லை. முதுகலைப் பட்டமும், அதனோடு தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ இருந்தால் போதும். முனைவர் பட்டம் ஒரு பொருளைத் துருவி ஆராய, மூலங்களை ஒப்பிட, முடிவுகளை நிறுவக் கற்றுத் தருகிறது. அதன் அருமையை நான் குறைத்துக் கூறவில்லை. நானும் அவ்வழி வந்தவளே. ஆயின், வணிகவியல் முதலாண்டு வகுப்பில் பகுதி ஒன்று தமிழ் கேட்க அமர்ந்திருக்கும் அறுபது பேரை, பிற்பகல் கடைசி மணி நேரத்தில், ஒரு பாட்டின்பால் ஈர்ப்பது எப்படி என்பதை எந்த ஆய்வேடும் கற்பிப்பதில்லை. அவ்வறுபது பேருள் தம் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் பலர். அவர்களை நாம் இழந்தால், தமிழ்ப் பாட்டோடு அவர்க்குரிய தொடர்பு அந்த ஓராண்டோடு அற்றுப்போதலும் கூடும்.

இக்குறையை உணர்ந்தே 1964–66இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, கல்லூரிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்க்குத் தொடக்கப் பயிற்சி தேவை என்று கருதியது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதனை வலியுறுத்திற்று. அதன் வழி 1987இல் பல்கலைக்கழக மானியக் குழு, கல்விப் பணியாளர் கல்லூரி என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழகத்தில் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் முதலிய பல்கலைக்கழகங்களில் இவை அமைந்தன. 2015இல் மனிதவள மேம்பாட்டு மையம் என்றும், 2023க்குப் பின் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் என்றும் இவற்றின் பெயர் மாறியது. பெயர்கள் மாறினும், புதியவர்க்குப் புத்தாக்கப் பயிற்சி, பணியில் இருப்பவர்க்குத் துறைசார் புத்தொளிப் பயிற்சி என்னும் இரண்டே இவற்றின் முதுகெலும்பாக நின்றன.

தொடக்க ஆண்டுகளிலிருந்தே இப்பயிற்சிகள் பதவி உயர்வோடு பிணைக்கப்பட்டன. பிணைத்ததில் ஒரு நன்மை உண்டு. இல்லையேல் எத்தனை நிருவாகங்கள் ஓர் ஆசிரியரை மூன்று வாரம் விடுவித்திருக்கும்? ஆனால் அதன் பின் ஆசிரியர் ஓய்வறைகளில் ஒலிக்கும் வினா மாறிவிட்டது. "என்ன கற்றீர்கள்?" என்று கேட்பார் இல்லை, "சான்றிதழ் வாங்கியாயிற்றா?" என்பதே கேள்வி. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றால் பயிற்சிகள் இணையவழிக்கு மாறியபோது, திரையில் பெயர் மட்டும் இருக்க, ஆள் வேறு வேலையில் இருந்த காட்சியையும் கண்டோம். குறை கருவியின்மேல் அன்று. வந்து அமர்ந்தாலே கற்றதாகும் என்னும் கணக்கின்மேல்.

நன்னூல் காட்டும் கணக்கு

இக்கணக்கைத் திருத்தவல்ல வேறொரு கணக்கு நம் கையிலேயே உள்ளது. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடம் கேட்கும் முறை ஆகியவற்றைத் தனித்தனியே வகுத்துரைக்கிறார். நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறியவர், ஆசிரியராகத் தகாதவர்க்கு உவமையாகக் கழற்காய் பெய்த குடத்தையும் மடற்பனையையும் பருத்திக் குண்டிகையையும் முடத்தெங்கையும் கூறினார். கழற்காயை ஒவ்வொன்றாகக் குடத்தில் இட்டுக் கவிழ்த்தால், இட்ட முறைப்படி வெளிவருவதில்லை. தாம் கற்ற வரிசையில் கற்பிக்க இயலாதவரைச் சுட்ட இதனினும் நல்ல உவமை எந்தப் பயிற்சிக் கையேட்டில் உண்டு?

அவர் காட்டும் பங்கீடு இன்னும் நுட்பமானது. ஆசிரியர் சொன்னதை முற்றவும் உள்வாங்கினாலும் மாணாக்கர் பெறுவது புலமையில் காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகி உசாவுவதால் வருவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் மட்டுமே நிறைகிறது.

இவ்வளவுகோலை நம் பயிற்சி அரங்கின்மேல் வைத்துப் பாருங்கள். காலை முதல் மாலை வரை வல்லுநர் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசுகின்றனர். அப்பேச்சு எத்துணைச் சிறப்புடையதாயினும் பவணந்தியார் கணக்கில் அது காற்பங்கே. இரண்டாம் காற்பங்கு தேநீர் இடைவேளையில், எவரும் திட்டமிடாமல் நிகழ்கிறது. அரைப்பங்குக்கு உரிய மாதிரி வகுப்போ பல இடங்களில் கடைசி நாள்களுக்கு ஒதுக்கப்பட்டு, ஆளுக்குப் பத்து நிமிடமும் அனைவர்க்கும் கைதட்டலுமாக முடிந்துவிடுகிறது. அரைப்பங்கைப் பத்து நிமிடத்திற்கு விற்றுவிட்டு, காற்பங்கை வாரக்கணக்கில் வாங்குகிறோம். பயிற்சியின் குறை இதுவே என்பது என் துணிபு.

ஒரு வினாவின் பயன்

புத்தாக்கப் பயிற்சியின் தனிச்சிறப்பு, பல துறையினரும் ஓர் அறையில் அமர்வது. நான் கலந்துகொண்ட பயிற்சி ஒன்றில் தமிழாசிரியர் ஒருவர் சங்க அகப்பாடல் ஒன்றை நடத்திக் காட்டினார். திணை, துறை, கூற்று, உள்ளுறை என யாவும் பிழையறச் சொன்னார். முடிவில் இயற்பியல் பேராசிரியை ஒருவர் எழுந்து, "அந்தப் பெண் யாரிடம் பேசுகிறாள், அம்மா? அதைக் கேட்டுக்கொண்டு இருப்பவர் யார்?" என வினவினார். தோழி கூற்று என்னும் சொல்லிலேயே விடை இருந்தது. ஆயினும் அச்சொல் அவரிடம் சென்று சேரவில்லை. வேலிக்கு அப்பால் தலைவன் நின்று கேட்க, தலைவியிடம் பேசுவதுபோல் தோழி பேசுகிறாள் என்று விளக்கியதும், அறை முழுதும் பாட்டை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டது. அந்த வினா நம் முதலாண்டு மாணவர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் உள்ளது. அவர்கள் கேட்பதில்லை, அவ்வளவே. கேட்கத் துணிந்த சக ஆசிரியர் ஒருவர் கிடைத்ததே அப்பயிற்சியின் பேறு.

தமிழ்க் கல்வி வரலாற்றிலும் ஒரு வினா பெரும் பயன் விளைத்தது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களும் ஆழக் கற்றவர். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சந்தித்து, சீவக சிந்தாமணியைப் பயின்றதுண்டா என வினவினார். ஐயர் அதுவரை அந்நூலைப் பயின்றதில்லை. பதவி கிடைத்துவிட்டதே என அவர் அமைந்துவிடவில்லை. முதலியாரோடு அந்நூலைப் படிக்கலானார். விளங்காத சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சைனர்களிடம் சென்று கேட்டறிந்தார். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. வினவியவர் நீதித்துறையைச் சார்ந்தவர். விளக்கியவர்களோ கல்லூரியோடு தொடர்பற்ற இல்லறத்தார். பணியில் சேர்ந்த பின்னரே ஐயரின் பெருங்கல்வி தொடங்கிற்று எனலாம். தெரியாததைக் கேட்கும் இத்துணிவை வளர்ப்பதே பயிற்சி. ஏனையவை அதற்குத் துணை.

வாயிலில் நிற்பவர்கள்

இருவரை இங்கு நினைவூட்டல் என் கடமை. ஒருவர் அலுவலர். முதல் தலைமுறை மாணவி கல்லூரியில் முதலில் சந்திப்பது பேராசிரியரை அன்று. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் கேட்கும் அலுவலக உதவியாளரையே. உதவித்தொகைப் படிவத்தில் எதை எங்கே நிரப்புவது என்று தெரியாமல் நிற்கும் அவளிடம் அவர் சொல்லும் முதற்சொல்லே அவளுக்குக் கல்லூரி என்பது யாதெனக் கற்பிக்கிறது. நூலகப் பணியாளரும் ஆய்வக உதவியாளரும் அத்தகையோரே. பயிற்சி என்றதும் ஆசிரியரை மட்டும் எண்ணும் நாம், இவர்களைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

மற்றொருவர் கௌரவ விரிவுரையாளர். சுயநிதிக் கல்லூரியில் குறைந்த ஊதியத்தில் உழைப்பவரும் அவரோடு சேர்த்து எண்ணத் தக்கவர். பதவி உயர்வே இல்லாதவர்க்குப் பதவி உயர்வுக்கான சான்றிதழால் யாது பயன்? விடுப்பெடுத்தால் ஊதியம் குறையும் என்னும் நிலையில் பல நாள் பயிற்சிக்கு அவர் எவ்வாறு செல்வார்? பல கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகளின் பெரும்பாரத்தைச் சுமப்பவர் அவரே. பயிற்சியை ஊதிய உயர்வின் படிக்கட்டாக மட்டும் வைத்திருக்கும் வரை, அது மிகவும் தேவைப்படுவோர் வாயிலுக்கு வெளியிலேயே நிற்பர்.

வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள்

அரசும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டியவை பல. நம்மால் இயல்வது ஒன்றுண்டு. கவிஞர் தம் படைப்பைப் பலர் முன் வைத்து, குறை கேட்டு, திருத்திக்கொள்ளும் பழக்கம் இவ்வட்டத்தில் பத்தாண்டுகளாக உள்ளது. கவிஞர்க்கு இயல்பான அப்பழக்கம் கல்லூரி ஆசிரியர்க்கு வாய்ப்பதில்லை. வகுப்பறைக் கதவை மூடியபின் அவர் பாடத்தைக் கேட்கும் சக ஆசிரியர் எவரும் இல்லை.

ஆதலின் ஆண்டுக்கு இரண்டு அமர்வுகளை ஆசிரியர்க்கென ஒதுக்குமாறு வேண்டுகிறேன். சுற்றுவட்டாரக் கல்லூரி ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியர், நிரந்தரப் பணியினரோ கௌரவ விரிவுரையாளரோ, வந்து உங்களுள் ஒருவர் கவிதையை முழு மணி நேரம் பாடமாக நடத்தட்டும். சில மாணவரும் உடனிருக்கட்டும். எழுதியவர் குறுக்கிடாமல் கேட்கட்டும். பின்னர் யாவரும் வினவுவோம். சான்றிதழ் வேண்டா, வருகைப் பதிவேடும் வேண்டா. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் எவர் ஊதியமும் குறையாது. தம் கவிதை எவ்விடத்தில் மாணவரைச் சேராமல் நின்றது என்பதைக் கவிஞரும், தம் விளக்கம் எவ்விடத்தில் கவிதையை மறைத்தது என்பதை ஆசிரியரும் ஒருங்கே காண்பர்.

பவணந்தியார் கூறிய அரைப்பங்கு அவ்வாறே நிறையும். அடுத்த பத்தாண்டில் வட்டம் இப்பணியை மேற்கொள்ளுமாயின், இவ்வூர்க் கல்லூரிகளில் தமிழ் வகுப்பின் நிறம் மாறும் என்று உறுதியாக நம்புகிறேன். முதல் அமர்வுக்கு என் பெயரையே எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டு அமைகிறேன்.