மழைக்காலமும் மைதானப் பணியும்

(இளைஞர் உதைபந்தாட்ட நிர்வாகிகளுக்கு ஆற்றிய உரை)



சமய சங்கமொன்றின் மேடையில் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். 1897ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கும் எழுந்தருளிய சுவாமி விவேகானந்தர், அதே ஆண்டில் சென்னையிற் செய்த பிரசங்கமொன்றில், இளைஞர் கீதையைக் கற்பதற்கு முன் உதைபந்தாடி உடல்வலிமை பெறுதல் நன்று என்னும் கருத்தை வெளியிட்டார். ஆதலின், நாம் வழிதவறி இப்பொருளுக்கு வந்தோமல்லோம்.

ஆட்டக்காரருக்கு ஓய்வுகாலம் உண்டு, நிர்வாகிகளுக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவமழை நம் மைதானங்களைத் தன்வசமாக்கிக் கொள்கிறது. அம்மூன்று மாதங்களையும் நாம் எவ்வாறு செலவிடுகிறோமோ, அதற்கேற்பவே தைக்குப் பின் வரும் ஆட்டப் பருவமும் அமையும். கமக்காரன் மழை விழுந்தபின் விதைநெல் தேடிப் புறப்படுவதில்லை.

முதலிற் செய்யவேண்டியது கணக்கு. பணக்கணக்கை மட்டும் நாம் கூறவில்லை, நாட்கணக்கையும் கூறுகின்றோம். எட்டுக் கழகங்கள் ஒன்றோடொன்று ஒருமுறை மோதினால் 28 போட்டிகள். ஒரே மைதானத்திற் சனிக்கிழமைதோறும் இரண்டு போட்டிகள் எனின் 14 வாரங்கள் வேண்டும். தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் இடையில் இருப்பதோ சுமார் 13 வாரங்களே. ஒன்பதாவது கழகம் ஒன்று வந்து சேருமாயின் போட்டிகள் 36 ஆகும். வாரங்கள் 18 ஆகும். ஒரு கழகத்தைச் சேர்த்ததனால் ஒரு மாதம் நீளுகிறது!

இதற்காகச் சிறிய கிராமத்துக் கழகத்தை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பலாமா? கூடாது. இரு பிரிவுகளாக வகுத்தால் நாட்கள் குறையும். ஆனால் தோற்ற கழகத்துப் பையன் மூன்று நான்கு ஆட்டங்களோடு வீடு திரும்ப நேரிடும். வேறு வழி உண்டு. இளைஞர் போட்டிகளில் ஆட்ட நேரத்தைக் குறைத்துக்கொள்ள விதிகள் இடமளிக்கின்றன. பாதிக்கு 45 நிமிடம் வீதம் இரண்டு போட்டிகள் எடுக்கும் 180 நிமிடத்தில், பாதிக்கு 30 நிமிடம் வீதம் மூன்று போட்டிகளை நடத்தலாம். அப்பொழுது 36 போட்டிகளும் 12 வாரங்களில் முடிவுறும். எஞ்சும் ஒரு வாரம் சிவராத்திரிக்கோ எதிர்பாராத மழைக்கோ உதவும். இவ்வளவும் கடதாசியில் முன்கூட்டியே செய்யக்கூடிய வேலை. பருவம் தொடங்கிய பின் செய்யப் புகுந்தால் சச்சரவே மிஞ்சும்.

இரண்டாவது, வயதுப் பதிவு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்துப் பதிவை முடிக்கும் இறுதித் திகதியை மார்கழிக்குள் வைத்தல் வேண்டும். வெற்றிக் கிண்ணத்தின்மேல் ஆசைகொண்டு 18 வயது வாலிபனை 16 வயதுக்குட்பட்டோர் அணியில் இறக்குவது, எதிரணிச் சிறுவனின் காலுக்கு ஆபத்து. நம் அணியில் அவ்விடத்துக்குரிய சிறுவனுக்கும் அநீதி. இவ்விடயத்தில் நிர்வாகசபை தாட்சணியம் பார்த்தலாகாது.

மூன்றாவது, மத்தியஸ்தர்கள். ஆட்டவிதிகளின் திருத்தங்கள் வழக்கமாக யூலை 1ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வருகின்றன. உதாரணமாக, கோல் உதையிற் பந்து தண்டனை எல்லையைக் கடக்குமுன்னரே அதே அணியினர் அதனைத் தொடலாம் என்பது 2019இல் வந்த மாற்றம். மத்தியஸ்தர் ஒன்றும் பயிற்றுநர் வேறொன்றும் அறிந்திருப்பின், கூச்சல் எழுவது திண்ணம். மழைநாளில் ஒரு மாலைப்பொழுது இருசாராரையும் ஒருங்கே இருத்தி விதிகளை வாசித்தல் நன்று.

நான்காவது, உபகரணங்கள். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு பந்துகளையும் வைப்போம். அப்போதே எண்ணியும் விடுவோம். கோற்கம்பங்களைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். நிலத்தில் உறுதியாகப் பொருத்தப்படாத கோற்கம்பம் சரிந்து விழின், சிறுவரின் உயிரையே பறிக்கக்கூடும். முதலுதவிப் பெட்டியில் மருந்து தீர்ந்ததா என்பதையும் அடிபட்ட பின்னர் ஆராய்தல் அறிவுடைமையாகாது.

நண்பர்களே, 2023 சனவரியில் பீபா என்னும் சர்வதேசச் சம்மேளனம் இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் மாதத்திலேதான் தடை நீங்கியது. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்பதே கூறப்பட்ட காரணம். பந்தை உதைத்தவர் எவரும் அதற்குக் காரணரல்லர். ஆயினும் நாட்டின் அணி அம்மாதங்களிற் சர்வதேச ஆட்டங்களை இழந்தது. 1995இல் கொழும்பில் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற நாடு இது. மேசையில் நிகழும் பிழைக்கு மைதானத்தில் நிற்பவன் தண்டம் இறுக்க நேரிடுகின்றது. பெரிய இடத்துக்குள்ள இந்நியாயம் நம் சிறிய லீக்குக்கும் உண்டு.

ஈற்றாகப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். கிண்ணம் அன்பளிப்புச் செய்ய முன்வரும் தாங்கள், கணக்கு எழுதவும், பதிவுகளைச் சரிபார்க்கவும் வாரம் ஒரு மணித்தியாலம் தந்துதவுதல் வேண்டும். இளைஞர்களே, காரியதரிசிப் பதவியைச் சுமையெனக் கருதி ஒருவர் தலையில் ஏற்றாதீர்கள். நான்கு பேராகப் பகிர்ந்துகொள்ளுங்கள். பலனில் ஆசைவையாது கடமை செய்க எனும் போதனையைப் பயில்வதற்கு, ஆளில்லாத மழைக்கால மைதானத்திலும் சிறந்த இடம் வேறில்லை.