பெரும்பான்மையோர் கடமை



இந்த நூலக விழாவில் மொழிச் சிறுபான்மையோர் என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். சேலத்து மேடையில் இதைப் பேசுகிறவன் உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பக்கத்துத் தறிக்காரத் தெருக்களில் விடியற்காலையில் நடந்து பார்த்தால் போதும். தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்த்து, அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிந்துகொண்டே போகிற ஒரு குடும்பத்தில், தகப்பனார் மகனுக்கு இடும் உத்தரவு சௌராஷ்டிர மொழியில் இருக்கும்; மகன் எதிர்வீட்டுத் தோழனைக் கூவி அழைப்பது தமிழில் இருக்கும்; நூல்கடைக்காரரோடு நடக்கும் பேரம் தமிழ், திண்ணையிலிருந்து பாட்டி பேரனைக் கடிந்துகொள்வது மறுபடியும் சௌராஷ்டிரம். தேவாங்கர் வீடுகளில் இதே காரியம் கன்னடத்தில் நடக்கிறது. அவர்களுடைய சௌடேஸ்வரி அம்மன் விழாவில் வீரகுமாரர்கள் கத்தி போட்டுக்கொண்டு வரும்போது, இருமருங்கும் கைகூப்பி நிற்பவர்களில் இன்னார் தமிழர், இன்னார் கன்னடம் பேசுவோர் என்று பிரித்துப் பார்த்தவரை நான் கண்டதில்லை.

இவர்கள் எல்லோரும் ஒரே விதமாய் இங்கு வந்தவர்கள் அல்லர் என்பதையும் சரித்திரம் அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். விஜயநகரத்தின் படைகளோடும் நாயக்கர்களின் ஆட்சியோடும் வந்தவர்கள் உண்டு. 1792-ல் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கும்பெனியாருக்கு விட்டுக்கொடுக்கும் வரையில் இந்தச் சீமை மைசூரின் ஆதிக்கத்தில் இருந்த காலத்தில் வந்தவர்கள் உண்டு. தறியையும் கைத்தொழிலையும் தவிர வேறொன்றும் கொண்டுவராதவர்களும் உண்டு. வாளோடு வந்தவர்களின் அதிகாரம் காலத்தால் அழிந்தது. ஆனால் அவர்களுடைய சந்ததியார் இந்த மண்ணின் பிரஜைகளாய், இந்த மண்ணின் பாஷையைத் தங்கள் இரண்டாம் தாய்மொழியாய் ஏற்றுக்கொண்டு நிலைத்துவிட்டார்கள். 1887-ல் இராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு, காங்கிரஸ் மேடைகளில் தமிழில் முழங்கிச் சிறை சென்றவர். அவர் நடத்திய பத்திரிகைக்கு வைத்த பெயர் ‘தமிழ்நாடு’. இந்தப் பெயர் நம் ராஜ்யத்துக்குச் சட்டப்படி வாய்க்க 1969 வரை காத்திருக்க நேர்ந்ததை நினைத்தால், தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்த அந்த இராசிபுரத்துக்காரரின் முன்னோக்கு எத்தகையது என்பது விளங்கும். சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராமும், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இடைசெவல் கி. ராஜநாராயணனும் தமிழ் நாவலுக்காகச் சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றவர்கள். தமிழ்ப் பற்றுக்குத் தாய்மொழிச் சான்றிதழ் கேட்கிறவர்களுக்கு இந்தப் பெயர்களே மறுமொழி.

இனி, உலகத்தின் வேறொரு மூலையைப் பார்ப்போம். பால்டிக் கடற்கரையில் லாத்வியா என்று ஒரு சிறு தேசம். அதன் ஜனத்தொகை நம் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகையில் பாதியைச் சற்றே மிஞ்சும். 1918-ல் சுதந்திரம் பெற்ற அந்நாட்டை 1940 ஜூனில் சோவியத் படைகள் கைப்பற்றின. இடையில் ஜெர்மானியர் சில ஆண்டுகள் பிடித்துவைத்திருந்தார்கள். யுத்தம் முடியும் தறுவாயில் சோவியத் ஆட்சியே திரும்பியது. 1949 மார்ச்சில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களை, குழந்தைகளும் கிழவர்களும் உட்பட, ரயில் வண்டிகளில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். ஆலைகளுக்கும் ராணுவ முகாம்களுக்கும் ருஷ்யாவிலிருந்தும் மற்றச் சோவியத் குடியரசுகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். யுத்தத்துக்கு முன் ஜனத்தொகையில் முக்கால் பங்கு இருந்த லாத்வியர், 1989-ல் கணக்கெடுத்தபோது நூற்றுக்கு 52 பேராய்க் குறைந்திருந்தார்கள். லாத்வியன் ருஷ்ய மொழியைக் கற்றே தீர வேண்டும், ருஷ்யனோ லாத்விய மொழியைக் கற்காமலே வாழ்நாளை நடத்திவிடலாம் என்ற நிலையில் அரை நூற்றாண்டைக் கழித்த ஒரு சிறு ஜாதியாரின் மனத்தில் என்ன அச்சம் குடிகொண்டிருக்கும் என்பதை, ஹிந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற நாம் உணராவிட்டால் வேறு யார் உணர்வார்கள்?

ஆகவே, 1991-ல் விடுதலை அடைந்ததும் லாத்வியர் தங்கள் மொழியையே ஆட்சிமொழியாக நிலைநிறுத்தியதை நான் குறை கூற மாட்டேன். ஆனால் அவர்கள் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. 1940-ல் பிரஜைகளாயிருந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் மட்டுமே பிரஜா உரிமை தானாகக் கிடைக்கும், பின்னால் வந்தவர்கள் மொழித் தேர்வும் சரித்திரத் தேர்வும் எழுதிப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று விதித்தார்கள். தலைமுறைகளாய் அங்கே வாழ்ந்துவந்த பழைய ருஷ்யக் குடிகளுக்கு இதனால் கஷ்டமில்லை. ஆனால் பிற்காலத்தில் வந்த தொழிலாளிகளும், அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த அவர்கள் பிள்ளைகளுமாய்ச் சுமார் ஏழு லட்சம் ஜனங்கள் ‘பிரஜை அல்லாதவர்’ என்று அச்சிட்ட கடவுச்சீட்டோடு, நகரசபைத் தேர்தலில்கூட வாக்களிக்க இயலாமல் நின்றார்கள். வருஷங்கள் செல்லச் செல்ல விதிகள் தளர்ந்தன; பலர் தேர்வு எழுதித் தேறினார்கள்; பலர் காலமானார்கள்; இன்றைக்கு அத்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. அப்படிப்பட்டவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் தாமாகவே பிரஜைகள் ஆகலாம் என்ற விதி 2020-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக்கிரமித்தது ஒரு வல்லரசு. அபராதம் செலுத்தியவர்களில் பெரும்பாலோர் அதன் கூலியாட்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும். இது நியாயமாகாது என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்தை நான் புத்தகத்திலிருந்து மட்டும் பெறவில்லை. சென்ற நூற்றாண்டிலும் அதற்கு முந்திய நூற்றாண்டிலும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிக் கங்காணியின் பின்னே இலங்கைக்கு நடந்துபோன ஜனங்களில், சேலம், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் மிகப் பலர். காப்பித் தோட்டத்தையும் தேயிலைத் தோட்டத்தையும் தங்கள் எலும்பால் உரமிட்டு வளர்த்த அவர்களை, இலங்கை சுதந்திரம் அடைந்த அதே 1948-ல் கொண்டுவந்த பிரஜா உரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. அங்கேயும் தொகை சுமார் ஏழு லட்சம்தான். மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ அம்மையாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 9,75,000 ஜனங்களில் உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று சரக்கைப் பங்கிடுவதுபோலப் பங்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கினார்கள்; மிச்சம் ஒன்றரை லட்சம் பேரின் கதியைத் தீர்மானிக்க இன்னும் பத்தாண்டு ஆயிற்று. அந்தக் கணக்கில் அடங்கியவர்கள் நம்முடைய பாட்டன்மாரின் உடன்பிறந்தவர்கள். இதை மறக்காத சேலத்துக்காரன், தன் ஊரில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவனை ‘நீ எங்கிருந்து வந்தாய்?’ என்று கேட்கமாட்டான்.

நம் அரசியல் சட்டம் இத்தகைய கேள்விக்கு இடம் வைக்கவில்லை. 350-A பிரிவு, சிறுபான்மையோரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு ராஜ்யமும் முயல வேண்டும் என்கிறது. மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்த 1956-ல், எல்லைக்கோடு எங்கே போட்டாலும் அதன் இருபுறத்திலும் சிறுபான்மையோர் மிஞ்சுவார்கள் என்பதை உணர்ந்தே இந்தப் பிரிவைச் சேர்த்தார்கள். 1965 வரையில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஓசூர்ப் பகுதியே இதற்குச் சாட்சி. அங்கே தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாய் இருக்கும் கிராமங்கள் இன்றும் அநேகம்.

இத்தகைய பிள்ளைகளின் பள்ளிகளில்தான் நம்முடைய கடமை காத்திருக்கிறது. 2006-ல் நிறைவேறிய தமிழ் கற்றல் சட்டம், பள்ளிகளில் முதல் வகுப்பு தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அந்தச் சட்டத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளை தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் பள்ளியை விட்டு வெளியேறினால், தாலுகா ஆபீஸிலும் கோர்ட்டிலும் உத்தியோகப் பரீட்சையிலும் நஷ்டம் அந்தப் பிள்ளைக்கே. ஆனால் அச்சட்டப்படி படித்த முதற்கூட்டத்துப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வை எட்டியபோது நடந்தது என்ன? தங்கள் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப் போதிய ஆசிரியர் இல்லை என்ற முறையீட்டோடு சிறுபான்மையோர் நீதிமன்றம் ஏறினார்கள், விலக்கு கிடைத்தது, பிறகும் விலக்கு, 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டுத் தேர்வுக்கும் விலக்கு அளித்தது. விலக்கு கொடுத்தால் பிள்ளை தமிழை இழக்கிறான். கொடாவிட்டால் கற்பிக்காத பாடத்தில் தோற்று வருஷத்தை இழக்கிறான். சட்டத்தை இயற்றியவர்கள் ஆசிரியரை முன்னால் அனுப்பிவிட்டுத் தேர்வைப் பின்னால் வைத்திருக்க வேண்டும்.

லாத்வியாவோ 2023-ல் ருஷ்ய மொழிவழிக் கல்வியையே படிப்படியாக நிறுத்தத் தொடங்கிவிட்டது. ருஷ்யா உக்ரைன்மீது போர் தொடுத்திருந்தபோது அச்சம் அவர்களை அவ்வழியே தள்ளியது. நமக்கு அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை. 2011-ன் கணக்குப்படி இந்த ராஜ்யத்தில் நூற்றுக்கு 88 பேரின் தாய்மொழி தமிழ். தெலுங்கு ஆறுக்குச் சற்றுக் குறைவு, கன்னடம் இரண்டுக்கும் குறைவு. இத்தனை பலத்தோடு இருக்கிற நாம், தமிழைக் கற்பிப்பதில் உறுதியாகவும் அவர்கள் தாய்மொழியைக் காப்பதில் தாராளமாகவும் ஏக காலத்தில் இருக்க முடியும்.

ஆகையால் இச்சபையாரிடம் என் வேண்டுகோள் இதுதான். இந்த நூலகத்தில் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் சௌராஷ்டிரத்துக்கும் ஓர் அலமாரி இந்த ஆண்டே ஒதுக்குங்கள். கல்வித் துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்: சிறுபான்மை மொழிப் பள்ளிகளில் தமிழாசிரியர் இடம் ஒன்றும் காலியாய்க் கிடக்கலாகாது, தெலுங்கு, கன்னட ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடமும் ஓய்வு பெற்றுவிடக் கூடாது. அதில் முதற்கையெழுத்துத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவன் கையெழுத்தாக இருக்க வேண்டும். கூட்டம் கலையுமுன் காகிதம் வந்துவிட்டால், நானே அதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.